மேடேறும்போது எரிந்த சிவப்பு விளக்கு

அரூர் பஸ் நிலையத்துக்கு வெளியே, சித்தேரி மலைக்குப் போகும் வண்டிகள் நிற்கும் வரிசையில், மஞ்சள் நம்பர் பலகை போட்ட வெள்ளை வாடகைக் கார் ஒன்று நிற்கும். பின்கண்ணாடியில் சாமி பெயரோ பிள்ளைகள் பெயரோ எழுதியிருக்காது. 'குள்ளம்மாள், சித்தேரி' என்று மட்டும் பச்சை எழுத்தில் இருக்கும். பெயர் எழுத வந்த ஓவியர், "வூட்டுக்காரர் பேரையும் சேத்து எழுதிடட்டுங்களா?" என்று கேட்டதற்கு, "அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாதுங்க" என்று பதில் சொன்னவள் அவள்.

பெயருக்கு ஏற்றாற்போல் ஆளும் குள்ளம்தான். இருக்கையை முழுக்க முன்னுக்குத் தள்ளி, அடியில் ஒரு தலையணையையும் போட்டால்தான் கால் பெடலுக்கும் கண் ரோட்டுக்கும் எட்டும். எதிரே வரும் வண்டிக்காரனுக்கு ஸ்டீயரிங்குக்கு மேலே நெற்றியும் கொண்டையும்தான் தெரியும். "ஆளில்லாம ஒரு காரு வருதுடா" என்று ஆரம்பத்தில் கேலி பேசினார்கள். அவள் அதற்கெல்லாம் முகம் சுளித்ததில்லை. வளைவில் ஹாரனை நீளமாக அடிப்பாள். ஆள் இருப்பது தெரிந்துவிடும்.

வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டபோது அவளுக்கு வயது முப்பத்தெட்டு. அதுவரை மலையில் சாமையும் ராகியும் விதைத்து, புளி உலுக்கி, மூட்டை கட்டி, ஜீப்பில் ஏற்றி அரூருக்குக் கொண்டுபோய் விற்றுவந்தவள். ஒரு தை மாதம் புளி மூட்டைகளோடு ஜீப்புக்குக் காத்திருந்தாள். வந்த ஜீப்பை ஒரு கல்யாண வீட்டார் மொத்தமாகப் பேசிவிட்டார்கள். "அடுத்த நடை வாரேன், இங்கயே இரு" என்று சொல்லிவிட்டுப் போன ஓட்டுநர், பொழுது சாய்ந்தும் வரவில்லை. ரோட்டோரத்தில் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தவளுக்குப் பசியைவிட ஆத்திரம்தான் அதிகமாக இருந்தது. மறுநாள் புருஷன் மாதப்பனிடம் சொன்னாள்: "ஒருத்தன் வருவானா மாட்டானான்னு பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்க இனிமே என்னால ஆவாது. நானே ஓட்டப் போறன்."

மாதப்பன் அதிகம் பேசுகிறவரில்லை. மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "எதை?" என்று மட்டும் கேட்டார்.

அரூர் டிரைவிங் ஸ்கூலில் காலேஜ் பையன்களுக்கு நடுவே அவள் ஒருத்திதான் சேலை கட்டிக்கொண்டு போய் நின்றாள். எட்டு போட்டுக் காட்டச் சொன்ன அன்று ஒரு கம்பமும் சாயவில்லை. பிறகு மாதப்பனின் சித்தப்பா மகன் வைத்திருந்த ஏழு சீட்டுக் காரை வாங்கினார்கள். அன்றிலிருந்து இன்றுவரை மலையில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும், ரேஷன் ஆபீஸில் கைரேகை வைக்கப் போவதென்றாலும், பெண் பார்க்கப் போவதென்றாலும் முதல் போன் அவளுக்குத்தான் வரும்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்று குள்ளம்மாளுக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி காட்டிக்கொண்டதும் இல்லை. அதற்கு அரூரில் மாதவராஜ் இருந்தான். திருவண்ணாமலை ரோட்டில் பட்டறை வைத்திருந்தான். டிப்ளமோ படித்து, ஓசூரில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவன். கை சுத்தம், பேச்சும் சுத்தம். வண்டிக்கு ஒன்று என்றால் குள்ளம்மாள் வேறு பட்டறை வாசலை மிதித்ததில்லை.

போன சித்திரையில் காரின் ஏசி சுத்தமாக நின்றுபோனது. கேஸ் நிரப்பினாலும் தங்கவில்லை. மாதவராஜ் பார்த்துவிட்டு, உள்ளே இருக்கும் கூலிங் காயிலில் ஓட்டை என்றான். அதை மாற்ற வேண்டுமென்றால் டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும். கழற்றினான். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்த ஒயர்களெல்லாம் வெளியே தொங்க, வண்டி குடல் சரிந்த ஆடு மாதிரி கிடந்தது. ஆனால் மாதவராஜ் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டிச் சாவியைக் கொடுத்தபோது ஏசி பனி மாதிரி வீசியது. சந்தோஷமாக மலைக்குக் கிளம்பினாள்.

பாதி மலையில், ஒரு கொண்டை ஊசி வளைவில், மேலேயிருந்து ஒரு லாரி இறங்கி வந்தது. வழக்கம்போல ஓரம் கட்டி, பிரேக்கை நன்றாக அழுத்தி நின்றாள். லாரி போனதும் முதல் கியரைப் போட்டு ஆக்சிலேட்டரை மிதித்தாள். வண்டி அசையவில்லை. இன்னும் மிதித்தாள். பெடல் தரை வரைக்கும் போனது, ஆனால் இன்ஜின் ஒரே சீராக முனகிக்கொண்டே இருந்தது. கூப்பிட்டது காதில் விழாதவர் மாதிரி இருந்தது அது. கிளட்சை விட்டதும் வண்டி குலுங்கி அணைந்துவிட்டது. பின்னால் உருளப் பார்த்த வண்டியைப் பிடித்து நிறுத்தி, சாவியைத் திருப்பி மறுபடி எடுத்தாள். இப்போது ஒன்றுமே நடக்காததுபோல் வண்டி சரசரவென்று ஏறியது.

ஒரு தடவை என்றால் போகட்டும் என்று விட்டிருப்பாள். அந்த வாரம் முழுக்க அப்படியே நடந்தது. எப்போதும் இல்லை, கீழே அரூரிலும் தருமபுரி ரோட்டிலும் ஒருநாளும் இல்லை. மலை ஏறும்போது மட்டும், அதுவும் எங்காவது நின்று எடுக்கும்போது மட்டும், ஆக்சிலேட்டர் செத்துப்போகும். சில நேரம் ஒருமுறை அணைத்து எடுத்தால் சரியாகும். சில நேரம் பலமுறை அணைத்து எடுக்க வேண்டியிருக்கும்.

மாதவராஜிடம் கொண்டுபோனாள். அவன் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தான். "ஒரு கோளாறும் காட்டலைங்கக்கா" என்றான். சமதரை ரோட்டிலேயே தீர்த்தமலை ஊர் வரைக்கும் தானே ஓட்டிப் போய்த் திரும்பி வந்தான். குதிரை மாதிரி ஓடியது. இருந்தாலும் மனசு கேட்காமல் ஆக்சிலேட்டர் பெடலையே கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று போட்டுக் கொடுத்தான். அன்று மலையேறும்போது புதுப்பெடலும் அதே வளைவில் செத்தது.

மறுபடி போனபோது மாதவராஜ் தலையைச் சொறிந்தான். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. மேட்டுல எடுக்கும்போது கிளட்சை வெடுக்குனு விட்டுடறீங்களோ என்னமோ. அதான் அணைஞ்சிருது."

குள்ளம்மாள் அவன் பக்கம் திரும்பினாள். "ஏன்டாப்பா, எட்டு வருசமா இதே மலையில இதே வண்டிய ஓட்டறன். போன வாரம் வரைக்கும் தெரிஞ்ச கிளட்சு, நீ டேஷ்போர்ட கழட்டுன அன்னிக்கா எனக்கு மறந்துபோச்சு?"

அவளால் அதற்கு மேல் எதையும் நிரூபிக்க முடியவில்லை. கீழே ஓட்டினால் காட்டாத நோய். மருத்துவரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்டுவிடுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு தாய் என்ன செய்வாள்? வீட்டில் மாதப்பன், "பேசாம வித்துட்டு வேற வண்டி பாக்கலாமா?" என்றார். "நோவு என்னான்னு தெரியாம இன்னொருத்தன் தலையில கட்டச் சொல்றியா?" என்று கேட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் மலைப்பள்ளியின் கோ-கோ அணி தருமபுரிக்கு விளையாடப் போனது. உடற்கல்வி ஆசிரியை ஜாஸ்மின், காரிமங்கலத்திலிருந்து வேலைக்கு வந்து மலையிலேயே தங்கியிருந்தவள், குள்ளம்மாளின் வண்டியைத்தான் பேசியிருந்தாள். போகும்போது இறக்கம், அதனால் தொல்லை இல்லை. மாவட்ட அளவில் முதலிடம் வாங்கி, கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒருத்தி மடியில் ஒருத்தியாகத் திணித்துக்கொண்டு பிள்ளைகள் திரும்பினார்கள். அரூர் தாண்டும் வரைக்கும் கூச்சல்தான். குள்ளம்மாளுக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. மலை அடிவாரம் வந்ததும் அவள் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டாள்.

நினைத்தது நடந்தது. மாடுகள் ரோட்டைக் கடந்தன. பிரேக் போட்டு நின்றாள். மாடுகள் போய்விட்டன, வண்டி போகவில்லை. அணைத்து எடுத்தாள். இல்லை. மறுபடி எடுத்தாள். இல்லை. அன்று பார்த்து எத்தனை முறை எடுத்தும் சரியாகவில்லை.

"பாரம் அதிகமாங்கக்கா? நாங்க எறங்கி நடக்கறோம்" என்று பிள்ளைகள் இறங்கிவிட்டார்கள். இறங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. பின்னால் போய் கை கொடுத்துத் தள்ளினார்கள். மாவட்டத்தையே ஜெயித்துவிட்டு வந்த பிள்ளைகள் தன் வண்டியைத் தள்ளுகிறார்கள் என்று நினைத்தபோது குள்ளம்மாளுக்கு மானம் போய்விட்டது போலிருந்தது. வண்டி ஆமை மாதிரி கொஞ்ச தூரம் ஊர்ந்து அகலமான இடத்தில் நின்றது.

அதற்குள் பின்னால் மலைப்பஸ் வந்து சேர்ந்துவிட்டது. ஓட்டுநர் சந்திரமோகன் கதவைத் திறந்துகொண்டு இறங்கி வந்தார். அவருக்கும் குள்ளம்மாளுக்கும் பழைய பழக்கம். அந்த ரோட்டில் ஒருவருக்கொருவர் வழிவிட்டு வழிவிட்டு ஏற்பட்ட பழக்கம்.

"என்னாக்கா, புள்ளைங்கள தள்ளவுட்டுட்டு நீ பிரேக்க மிதிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்க? அதுங்க எப்படித் தள்ளும்?"

"யாரு பிரேக்க மிதிச்சா? என் காலு பிரேக்கு பக்கமே போவல."

"பொய் சொல்லாதக்கா. நான் பின்னாடியேதான வந்தன். செவப்பு லைட்டு எரிஞ்சிக்கிட்டே இருந்துச்சு. இப்பக்கூட எரியுது பாரு."

குள்ளம்மாள் தன் காலைப் பார்த்தாள். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தது. இரண்டு கால்களும் சும்மா தரையில் இருந்தன. "ஜாஸ்மின் டீச்சர், பின்னாடி போயி பாருங்க. லைட்டு எரியுதா?"

"எரியுதுங்கக்கா!" என்று ஜாஸ்மின் குரல் கொடுத்தாள்.

குள்ளம்மாள் குனிந்து பெடலைப் பார்த்தாள். யாரும் பிரேக் மிதிக்கவில்லை. ஆனால் மிதித்திருப்பதாக வண்டி நினைத்துக்கொண்டிருக்கிறது. அப்படியானால் பிரேக் பெடல் முழுசாக மேலே வரவில்லையா? கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. செருப்பைக் கழற்றினாள். வலது காலைப் பிரேக் பெடலுக்கு அடியில் கொடுத்து, புறங்காலால் மெல்ல மேலே தூக்கினாள். விரல் பருமன்கூட இருக்காது, பெடல் மேலே வந்தது.

"அணைஞ்சிருச்சுங்கக்கா!"

காலை எடுத்தாள். "எரியுது!" மறுபடி தூக்கினாள். "அணைஞ்சிருச்சு!" பெடலை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு, சந்திரமோகனை உள்ளே கையை விட்டு ஆக்சிலேட்டரை அழுத்தச் சொன்னாள். அவர் குனிந்து கையால் அழுத்தியதும் இன்ஜின் மலை அதிர உறுமியது. அவர் பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள். எதற்குக் கைதட்டுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. குள்ளம்மாளின் முகத்தைப் பார்த்ததும் தட்டத் தோன்றியது, அவ்வளவுதான்.

பிரேக்கை ஒருமுறை ஓங்கி மிதித்து, புறங்காலால் வெடுக்கென்று மேலே தூக்கிவிட்டாள். விளக்கு அணைந்தது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, பஸ்ஸுக்கு முன்னால், எங்கும் நிற்காமல் மலை ஏறினாள். பள்ளிக்கூட வாசலில் தாரை தப்பட்டையோடு ஊர் காத்திருந்தது. அது கோப்பைக்குத்தான் என்றாலும், தனக்கும் அதில் கொஞ்சம் பங்கு இருப்பதாக அவளுக்குப் பட்டது.

மறுநாள் காலை பட்டறையில் போய் நின்றாள். நடந்ததையெல்லாம் சொன்னாள். மாதவராஜ் கை துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டான்.

"பிரேக் லைட்டா? நிச்சயமாவாக்கா?"

"நான் மட்டும் பாக்கல. ஒரு பஸ்ஸே பாத்துச்சு."

அவன் குனிந்து பிரேக் பெடலை அழுத்தி அழுத்திப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் ஒழுங்காக மேலே வந்தது. விளக்கும் ஒழுங்காக அணைந்தது. அவன் உதட்டைப் பிதுக்கப் போவதற்குள் குள்ளம்மாள் சொன்னாள்: "இங்க பாத்தா காட்டாது. நீ இதுவரைக்கும் கீழதான பாத்த? மலைக்கு வா. அங்க வச்சிப் பாரு."

பட்டறையில் இரண்டு வண்டிகள் பிரித்துப்போட்டபடி கிடந்தன. மாதவராஜ் அவற்றைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு கருவிப் பையை எடுத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

அதே வளைவில் நிறுத்தினாள். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குப் பின்னால் கல் வைத்தார்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. "பின்னாடி போயி நில்லு" என்றாள். பிரேக்கை அடி வரைக்கும் மிதித்து விட்டாள். ஒன்றுமில்லை. மறுபடி மிதித்து விட்டாள். அப்போதும் ஒன்றுமில்லை. எங்கே தன்னை ஏமாற்றிவிடுமோ என்று பெடலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள். இன்னொரு முறை மிதித்து விட்டபோது பின்னாலிருந்து மாதவராஜ் கத்தினான்: "எரியுதுக்கா! கால எடுத்துட்டீங்களா?"

இரண்டு கால்களையும் கதவுக்கு வெளியே நீட்டிக் காட்டினாள்.

பிறகு உள்ளே வைத்து ஆக்சிலேட்டரை மிதித்தாள். இன்ஜின் முனகியது. புறங்காலால் பிரேக்கைத் தூக்கினாள். இன்ஜின் உறுமியது. "போதுமா, இன்னொருவாட்டி காட்டட்டுமா?" என்று கேட்டாள்.

"கடவுளே" என்று சொல்லிக்கொண்டே மாதவராஜ் ஓடிவந்தான். "போதுங்கக்கா. காலை எடுங்க, எதையும் தொடாதீங்க. அப்படியே இருக்கட்டும்." போனில் டார்ச்சைப் போட்டு, ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் மல்லாந்து படுத்து, தலையைப் பெடல்களுக்கு நடுவே கொடுத்தான். கால்கள் ரோட்டில் நீட்டிக்கொண்டிருந்தன. நேரம் போனது. உள்ளே அவன் தனக்குள் பேசிக்கொள்வது கேட்டது. பிறகு சிரித்தான். படுத்த நிலையிலேயே, வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தான்.

"குனிஞ்சி பாருங்கக்கா."

அவள் குனிந்து பார்த்தாள். பிரேக் பெடலின் தண்டு மேலே போய் ஒரு இரும்புத் தடுப்பில் சாய்ந்து நிற்கும் இடத்தில், கட்டாமல் தொங்கிய ஒரு ஒயர் கொத்து. அதன் முனையில் ஒரு பிளாஸ்டிக் கிளிப். டேஷ்போர்டைத் திரும்பப் பூட்டும்போது அந்தக் கிளிப்பை அதற்குரிய ஓட்டையில் சொருக மறந்திருந்தான். சமதரையில் ஒயர் நேராகத் தொங்கும்; எதன் மேலும் படாது. வண்டி மூக்கைத் தூக்கி மேடேறும்போது அது பின்பக்கமாகச் சாயும். அந்த நேரம் பிரேக்கை ஆழமாக மிதித்தால் தண்டுக்கும் தடுப்புக்கும் நடுவே இடைவெளி திறக்கும். கிளிப் அதற்குள் விழும். காலை எடுத்தால் பெடல் திரும்பி வந்து அதைக் கவ்விக்கொண்டு, ஒரு நெல் கனம் முன்னாலேயே நின்றுவிடும். மறுபடி பிரேக்கை மிதிக்கும்போது சில நேரம் கிளிப் தானாக நழுவிவிடும்; அணைத்து எடுத்தால் சரியானது அதனால்தான்.

"இந்த வண்டியில ஆக்சிலேட்டருக்குக் கேபிள் கெடையாதுங்கக்கா, ஒயருதான். பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் சேத்து மிதிச்சா, இவங்களுக்கு நிக்கணும்னுதான் ஆசைன்னு வண்டியே முடிவு பண்ணி இன்ஜினை அடக்கிடும். பாதுகாப்புக்காக வச்சது. பிரேக்கு மிதிச்சிருக்கறதா நெனச்சிக்கிட்டு அது பாட்டுக்கு அதோட வேலையச் செஞ்சிருக்கு. அதுக்குத் தெரிஞ்ச வரைக்கும் கோளாறே இல்ல. அதான் ஸ்கேனர்லயும் ஒண்ணும் காட்டல."

"அப்ப ஆக்சிலேட்டர் மேல தப்பே இல்ல."

"இல்லக்கா. பழைய பெடலு தங்கமா இருக்கு. தப்பு என் கையில." அதைச் சொல்ல அவன் தயங்கவில்லை. கிளிப்பை அதன் ஓட்டையில் டக்கென்று சொருகினான். பத்தாததற்கு ஒயரை டேப் போட்டும் இறுக்கிக் கட்டினான். வெளியே வந்து எழுந்தபோது முதுகெல்லாம் மண். "கிளட்சுன்னு சொன்னன் பாருங்க, அத மறந்துடுங்கக்கா."

"மறக்கமாட்டன். ஆனா மனசுல வச்சிக்கமாட்டன்" என்றாள் குள்ளம்மாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அங்கிருந்து வண்டியைத் திருப்பியிருக்கலாம். அவள் திருப்பவில்லை. "வந்தது வந்துட்ட, வூட்டுக்கு வந்து சாமைச் சோறு தின்னுட்டுப் போ" என்று மேலேயே ஏற்றினாள். வேண்டுமென்றே ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தி, பிரேக்கை அடிவரை மிதித்து, பிறகு எடுத்தாள். ஒவ்வொரு முறையும் வண்டி சொன்னபேச்சு கேட்டது. மாதவராஜ் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடைசி வளைவில், "ஒண்ணு சொல்லட்டுங்களாக்கா? கிளட்சை நீங்க விடற மாதிரி எனக்கே வராது" என்றான். அன்று வீட்டில் அவனுக்குச் சோற்றோடு நாட்டுக்கோழிக் குழம்பும் கிடைத்தது. மாதப்பன் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் புறங்கால் கதையை அவனை மறுபடி மறுபடி சொல்லச் சொல்லி, நடுவே கேள்வி மேல் கேள்வி கேட்டார். அவ்வளவு பேசி யாரும் அவரைப் பார்த்ததில்லை.

கதை அரூர் பஸ் நிலையத்தில் பரவிவிட்டது. பரப்பியவர் சந்திரமோகன். அவர் சொல்லும்போது, கோளாறைக் கண்டுபிடித்ததே அவர் என்பதுபோல் முடியும். ஒருநாள் டீக்கடையில் அப்படி அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது குள்ளம்மாள் உள்ளே வந்தாள்.

"லைட்டைப் பாத்தது நீதான், அத நான் இல்லன்னு சொல்லல" என்றாள். "கால வச்சித் தூக்கிப் பாத்தது யாரு? அதையும் சேத்துச் சொல்லு."

"சேத்துத்தான் சொல்ல வந்தன், அதுக்குள்ள நீ வந்துட்ட" என்றார் அவர். கடையே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே டீ வாங்கிக் குடித்தாள்.

போன மாதம் மாதவராஜிடமிருந்து போன் வந்தது. தோட்டக்கலைத் துறைக்காரர் ஒருவருடைய ஜீப், மேட்டில் மட்டும் ஏதோ சத்தம் போடுகிறதாம். கீழே ஓட்டினால் ஒன்றும் தெரியவில்லையாம். "நீங்க ஒருவாட்டி மலையில ஓட்டிப் பாத்துச் சொல்ல முடியுங்களாக்கா?" என்று கேட்டான்.

குள்ளம்மாள் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "வண்டிய மலையடிவாரத்துக்கு எடுத்துட்டு வந்து நிறுத்து. கூட நீயும் இரு" என்றாள். பிறகு மாதப்பனைப் பார்த்து, அவர் கேட்காமலேயே, கொஞ்சம் உரக்கவே சொன்னாள்: "பட்டறைக்காரன் போன் பண்ணியிருக்கான். ஒரு வண்டிய நான் பாத்துச் சொல்லணுமாம்."